இழுத்தல், கட்டுதல், அசைத்தல்: விலகிய விரலின் நெடுங்கதை

எனது வலக்கை மோதிரவிரல் முழுதாக நிமிராது. நடுமூட்டில் சற்று வளைந்தே நிற்கும். கையால் எழுதிச் செய்தி கொடுத்த காலத்தில், எனது எழுத்தை வாசிக்க முடியவில்லை என்று அச்சுக்கோப்பாளர்கள் முறையிடும்போதெல்லாம் இந்த விரலைத்தான் சாட்சிக்கு நீட்டுவேன். அவர்கள் நம்பியதில்லை.

விரல் வளைந்த கதை இதுதான். 1968 ஆம் ஆண்டு, ஊர் வாசிகசாலை மைதானத்தில் ஒரு மாலை வேளை கரப்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. எதிரணியினர் அடித்த பந்தைத் தடுக்க வலையருகே எழும்பினேன். பந்து நீட்டிய விரலின் நுனியில் நேராக வந்து பட்டது. கீழே இறங்கிக் கையைப் பார்த்தால், விரலின் நடுவில் ஒரு படிக்கட்டு முளைத்திருந்தது. நுனிப்பக்க எலும்பு புறங்கைப் பக்கமாக ஏறி உட்கார்ந்திருந்தது. கூட விளையாடிய அண்ணர் ஒருவர் நான் யோசிப்பதற்குள் விரலைப் பற்றி இழுத்துவிட்டார். உள்ளே ஏதோ சறுக்கி விழுந்தது போலிருந்தது. விரல் நேராயிற்று.

மறுநாட் காலை விரல் வாழைப்பழம்போல வீங்கியிருந்தது. ஐயா என்னை முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடம் கூட்டிச் சென்றார். அவர் தடவிப் பார்த்து, புக்கை வைத்து, மட்டை சேர்த்துக் கட்டினார். "தம்பி, பதினைஞ்சாம் நாள் வா. கட்டை அவிட்டு, வயல்மண் பிசைஞ்சு உருட்டித் தாறன். அதைப் பிடிச்சுப் பிடிச்சு விடவேணும்" என்றார். வாலிபப் பிள்ளைக்கு மண் விளையாட்டா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பதினைந்தாம் நாள் நான் போகவில்லை. அவிழ்த்தால் நோகும் என்ற பயம் ஒன்று. கட்டு எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவுக்கு விரல் பலப்படும் என்ற எண்ணம் மற்றொன்று. ஆறு கிழமைகள் கழித்து நானே அவிழ்த்தபோது விரல் விறகுக்குச்சியாகியிருந்தது.

விரல் மூட்டு விலகுவது உயிரைக் கொண்டுபோகும் காரியம் அன்று. ஆனால் தையற்காரரும் தட்டாரும் வீணை வாசிப்பவரும் வலை முடிபவரும் அந்தச் சிறு மூட்டுகளை நம்பியே சீவிக்கின்றனர். ஆதலினால் இதற்கான வைத்தியமும் மனிதனின் கைத்தொழில்களைப் போலவே பழமையானது. அந்த வைத்தியத்தின் வரலாற்றை மூன்று வினைச்சொற்களில் அடக்கிவிடலாம்: இழுத்தல், கட்டுதல், அசைத்தல். முதலிரண்டையும் மனிதன் விரைவில் கற்றுக்கொண்டான். மூன்றாவதைக் கற்பதும் மறப்பதுமாகவே நூற்றாண்டுகள் கழிந்தன.

எகிப்தின் இரு பெருவிரல்கள்

மூட்டைத் திரும்ப வைப்பது பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று எகிப்தியருடையது. எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1862 இல் லக்சோர் நகரில் வாங்கிய பப்பிரசுச் சுருளை ஜேம்ஸ் ஹென்றி பிறெஸ்ரெட் மொழிபெயர்த்து 1930 இல் வெளியிட்டார். கி.மு. 1600 அளவில் பிரதி செய்யப்பட்ட அச்சுருள், அதனினும் பழைய ஒரு நூலின் வழிவந்தது என்பர். அதில் 48 நோயாளிகளின் நிலை வரிசையாகக் கூறப்படுகிறது. 25 ஆவது, தாடை விலகி வாயை மூட இயலாதவன் ஒருவனுடையது. வைத்தியர் தமது இரு பெருவிரல்களையும் வாயினுள்ளே தாடையெலும்பின் முனைகளில் வைத்து, ஏனைய விரல்களை மோவாயின் கீழே கொடுத்துத் தள்ள வேண்டும் என்கிறது சுருள். இன்றைய வைத்தியசாலையில் செய்யப்படுவதும் ஏறத்தாழ இதுவேதான். விரல் மூட்டைப் பற்றி அச்சுருள் பேசவில்லை. எனினும் விலகிய எலும்பை அது வந்த வழியே திருப்பியனுப்பலாம் என்ற அறிவு அன்றே இருந்தது தெளிவு.

ஓலையிற் பின்னிய பல்லி

விரலுக்கென்றே தனியான அறிவுரையைக் காண நாம் கிரேக்கத்துக்கு வரவேண்டும். ஹிப்போகிரட்டிசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் மூட்டுகள் பற்றிய நூல் ஒன்று உண்டு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் முடிவை அல்லது நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்நூலில், இடுப்பும் முதுகும் விலகியவர்களைப் பலகையிற் கிடத்திக் கயிறும் உருளையும் பூட்டி இழுக்கும் பெரும் பொறிகள் விபரிக்கப்படுகின்றன. ஆனால் விரல் என்று வந்ததும் நூலாசிரியரின் குரல் தணிந்துவிடுகிறது.

வழுக்காதிருக்க விரல் நுனியில் மெல்லிய துணியைச் சுற்று. ஒருவர் மணிக்கட்டைப் பிடிக்கட்டும், மற்றவர் விரலைப் பிடிக்கட்டும். இருவரும் தத்தம் பக்கமாக நேர்கோட்டில் இழுக்கும்போது துருத்தி நிற்கும் எலும்பை அதன் இடத்துக்குத் தள்ளு. இவ்வளவுதான் முறை. இதற்கு உதவியாக அவர் ஒரு கருவியையும் கூறுகிறார். பேரீச்ச ஓலையிற் பின்னிய சிறு குழல் அது. கிரேக்கர் அதற்கு இட்ட பெயர் 'பல்லி'.

இந்தப் பல்லியின் வேலை சுவையானது. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய குழலை நீள வாக்கில் இழுத்தால் அது நீளும்; நீளும்போது உட்புறம் ஒடுங்கும். விரலை உள்ளே விட்டு மறுமுனையைப் பிடித்து இழுத்தால், இழுக்க இழுக்க விரலை இறுகக் கவ்விக்கொள்ளும். சற்றுத் தளர்த்தி உள்நோக்கித் தள்ளினால் உடனே விட்டுவிடும். வியர்த்து வழுக்கும் விரலை இழுப்பதற்கு இதைவிட நல்ல பிடி வேறில்லை.

உயிரினங்களின் உறுப்புகள் பற்றி எழுதிய அரிஸ்டோட்டில் (கி.மு. 384 – 322) கணவாய் இனத்து உயிர்களின் கைகள் இரையைப் பற்றும் விதத்தை விளக்க இக்கருவியையே உவமையாக எடுத்தாள்கிறார். அதைப் 'பழைய வைத்தியர்கள்' விரல்களுக்கு இட்ட பின்னற்குழல் என்று அவர் குறிப்பிடுவது கவனத்துக்குரியது. அவர் காலத்திலேயே அது பழங்காலத்துப் பொருளாகத் தோன்றியிருக்கிறது.

அது இறந்துபோய்விடவில்லை. சீனத்து விரற்பொறி என்ற பெயரில் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக உலகெங்கும் விற்கப்பட்டது. இன்றைய சத்திரசிகிச்சைக் கூடங்களில் கம்பி வலையாகவும் நைலோன் வலையாகவும் தொங்குகிறது. மணிக்கட்டு முறிந்தவரின் விரல்களை அவ்வலைக் குழல்களிற் செருகிக் கையை மேல்நோக்கித் தொங்கவிட்டு, மேற்கையில் பாரமொன்றைக் கட்டினால், எவரும் பலங்கொண்டு இழுக்காமலே எலும்புகள் மெல்ல விலகி இடங்கொடுக்கும். ஓலை போய்க் கம்பி வந்தது. பின்னலின் தத்துவம் மாறவில்லை.

ஹிப்போகிரட்டிச நூலில் என்னைச் சுட்ட வரி வேறொன்று. மூட்டைச் சேர்த்தபின் மெழுகுக் களிம்பு பூசிய மெல்லிய துணியாற் கட்டவேண்டும் என்று கூறிய பின், விரல் மூட்டுக்குப் பதினான்கு நாள் வைத்தியம் போதும் என்று முடிக்கிறது அந்நூல். பதினான்கு நாள்! எங்கள் பரியாரியார் என்னை வரச்சொன்னது பதினைந்தாம் நாள்.

உரோமாபுரியில் கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய செல்சசும், விரலின் எலும்புகள் குறுகியவை, பிணைப்புகள் வலிமை குறைந்தவை, ஆதலால் பெரும் பலம் வேண்டியதில்லை, மேசைமீது வைத்து இழுத்து உள்ளங்கையால் அமுக்கினால் போதும் என்றார். சிறு மூட்டுக்குச் சிறு பலம் என்பதே பழையோரின் கருத்து.

சுசுருதரின் மண்ணுருண்டை

நமது பக்கத்துக்கு வருவோம். சுசுருத சங்கிதை பல நூற்றாண்டுகளாகத் திரண்டு இன்றைய வடிவை அடைந்த நூல். அதன் நிதானப் பகுதியின் 15 ஆம் அத்தியாயம் எலும்பு முறிவை 12 வகையாகவும் மூட்டு விலகலை 6 வகையாகவும் பிரிக்கிறது. சிகிச்சைப் பகுதியின் 3 ஆம் அத்தியாயம் வைத்திய முறையைக் கூறுகிறது. இழுத்தல், அமுக்குதல், பொருத்துதல், கட்டுதல் என்பன அதன் படிகள். மட்டைக்கு மருது, அரசு, ஆல், அத்தி முதலியவற்றின் பட்டையும் மூங்கிலும் ஆகும். முறிந்த அல்லது மூட்டு விலகிய விரலைச் சமமாக வைத்து, மெல்லிய துணியைச் சுற்றி, நெய்யை ஊற்றி வரவேண்டும்.

கட்டைப் பற்றி அந்நூல் காட்டும் அவதானம் வியப்புக்குரியது. கட்டுத் தளர்ந்தால் மூட்டு நிலைக்காது. மிக இறுகினால் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகும். குளிர்காலத்தில் ஏழு நாளைக்கு ஒருமுறையும், மிதமான காலத்தில் ஐந்து நாளைக்கு ஒருமுறையும், வெப்ப காலத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறையும் கட்டை மாற்றவேண்டும். கட்டிவிட்டு மறந்துபோவதற்கு அங்கே இடமேயில்லை.

பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்த அத்தியாயத்தின் மொழிபெயர்ப்பை வாசித்துக்கொண்டு போகையில், உள்ளங்கை முறிந்தவனுக்குக் கூறிய முறைக்கு வந்து நின்றுவிட்டேன். கட்டு அவிழ்ந்தபின் அவன் கையில் முதலில் மெத்தென்ற மண்ணுருண்டையைப் பிடிக்கக் கொடுக்கவேண்டும். கை பலம் பெற்ற பின்னர் கல்லைப் பிடிக்கச் செய்யவேண்டும் என்றிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கிராமத்துத் திண்ணையில் நான் கேட்டுச் சிரித்த வார்த்தை அது. அந்தப் பரியாரியார் சுசுருதரைப் படித்திருந்தாரா, தகப்பனார் செய்ததைப் பார்த்துக் கற்றாரா, நான் அறியேன். கேட்கவும் இல்லை. நான் கேட்க நினைத்தபோது அவர் இல்லை.

நமது நாட்டில் சிங்கள மக்கள் 'கெடும் பிந்தும்' என்றும் தமிழ் மக்கள் 'முறிவு நெரிவு' என்றும் வழங்கும் இக்கலை குடும்பங்களின் வழியே கைமாறி வந்தது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றோடு தேசிய சிகிச்சை முறையையும் தன் வரம்பினுள் கொண்டுவந்தது. கலையின் பெரும்பகுதி ஏட்டில் இல்லை, விரல்களில் இருந்தது. ஏட்டில் இல்லாததனால் நல்லவரின் திறமையும் அரைகுறையானவரின் துணிச்சலும் ஒரே பெயரால் அறியப்பட்டன. இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று.

இங்கிலாந்தின் பரியாரிமார்

இங்கிலாந்திலும் எலும்பு பொருத்தும் நாட்டுவைத்தியர்கள் இருந்தனர். 1736 இல் எப்சம் நகரில் சாரா மப் என்ற பெண்மணி இலண்டன் முழுவதும் பேசப்படுமளவுக்குப் புகழ்பெற்றார். ஓவியர் ஹோகார்த் அதே ஆண்டில் வைத்தியர்களைக் கேலிசெய்து வரைந்த படத்தின் மேல்வரிசையில் அவரையும் நிறுத்தினார். பட்டம்பெற்ற சத்திரசிகிச்சையாளர்கள் இத்தகையோரைப் போலிகள் என்றனர். அவர்களால் கெட்டுப்போன மூட்டுகளும் குறைவல்ல.

ஆயினும் 1867 இல் இலண்டனின் முதன்மைச் சத்திரசிகிச்சையாளர்களுள் ஒருவரான ஜேம்ஸ் பேஜற், 'எலும்பு பொருத்துவோர் குணப்படுத்தும் நோயாளிகள்' என்ற பொருளில் ஒரு விரிவுரை ஆற்றினார். அவர்கள் செய்யும் கேட்டை அவர் மறைக்கவில்லை. ஆனால் நாம் நெடுநாள் கட்டிப்போட்டு விறைக்கவைத்த மூட்டுகளை அவர்கள் அசைத்துக் குணமாக்கிவிடுகிறார்கள், அவர்களிடமுள்ள நல்லதைக் கற்று அல்லதை விடுங்கள் என்று மாணவருக்கு எடுத்துரைத்தார். நான்கு ஆண்டுகளின் பின், றிச்சர்ட் ஹட்டன் என்ற நாட்டுவைத்தியரிடம் நேரிற் கற்றறிந்த வார்ட்டன் ஹூட் என்ற வைத்தியர் அம்முறைகளை 1871 இல் நூலாக்கினார்.

இதிலொரு முரணும் உண்டு. அதே காலத்தில் லிவர்பூல் நகரிலிருந்த ஹியூ ஓவன் தோமஸ் (1834 – 1891) தலைமுறை தலைமுறையாக எலும்பு பொருத்திய குடும்பத்தில் பிறந்தவர். முறைப்படி வைத்தியம் கற்ற அவர் போதித்ததோ நீண்ட, இடையறாத, முழுமையான ஓய்வு. அவரின் பெயரால் வழங்கும் தொடைமட்டை முதலாம் உலகப் போரில் எத்தனையோ உயிர்களைக் காத்தது. மாறாக, பிரான்சில் லூக்கா ஷம்பியோனியர் (1843 – 1913) முறிந்த எலும்பையும் விரைவில் அசைக்கவேண்டும் என்று வாதாடினார். யார் சரி? இருவரும் சரி என்பதே பிற்கால விடை. எந்த மூட்டு, எந்தக் காயம் என்று கேட்காமல் விடை சொன்னால் இருவரும் பிழை.

இழுக்கக் கூடாத விரல்

இழுத்தலுக்கும் அதே விதி என்பதைக் காட்டியவர் பாரிஸ் நகரத்து உடற்கூற்றறிஞர் ஃபராபெஃப். பெருவிரல் அடிமூட்டில் பின்புறமாக விலகும்போது சிலருக்கு எவ்வளவு இழுத்தாலும் அது திரும்புவதில்லை. 1876 இல் அவர் அதன் காரணத்தை விளக்கினார். மூட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் தகடுபோன்ற தடித்த நார்ப்படை ஒன்று இருக்கிறது. விலகலின்போது அது கிழிந்து எலும்பின் முனையோடு போகிறது. முரட்டுத்தனமாக இழுத்தால் அத்தகடு இரு எலும்புகளுக்கும் இடையே புகுந்து கதவில் அகப்பட்ட துணிபோலச் சிக்கிக்கொள்கிறது. எளிதிற் சரிசெய்யக்கூடிய விலகலைச் சரிசெய்ய இயலாததாக்குவது வைத்தியரின் இழுப்பே என்பது அவர் கண்ட உண்மை. இழுப்பதற்குப் பதிலாக, விலகிய எலும்பின் அடியை மற்றதன்மேல் உரசியபடி முன்னோக்கித் தள்ளிக் கொண்டுவர வேண்டும்.

சுட்டுவிரலின் அடிமூட்டில் நிகழும் இத்தகைய விலகலை நியூயோர்க்கில் இமானுவேல் கப்லான் 1957 இல் விபரித்தார். உள்ளங்கைப் பக்கமாகத் துருத்திய எலும்பின் தலை, ஒருபுறம் விரலை மடக்கும் நாண்களும் மறுபுறம் சிறு தசையொன்றும் மேலும் கீழும் குறுக்கு நார்களுமாக அமைந்த ஒரு கண்ணியில், பொத்தான் துளையில் மாட்டிய பொத்தானைப்போல அகப்பட்டுவிடுகிறது. இழுக்க இழுக்கக் கண்ணி இறுகும். கிரேக்கரின் ஓலைப் பல்லி வெளியே செய்யும் அதே வேலையை இங்கே உடல் உள்ளே செய்கிறது. பெரும்பாலும் கத்தி வைத்துத் திறந்தே அதை விடுவிக்க வேண்டியிருக்கிறது.

ஒளியும் மரப்பும்

இவற்றுக்கிடையே இரு பெரும் உதவிகள் வந்து சேர்ந்தன. 1895 டிசெம்பர் 22 அன்று ஜேர்மனியின் வுர்ஸ்பேர்க் நகரில் ரொன்ட்ஜன் தாம் கண்டுபிடித்த கதிரால் தமது மனைவியின் கையைப் படம் பிடித்தார். உலகம் முதலிற் கண்டு வியந்த அந்த எக்ஸ்கதிர்ப் படத்தில் தெரிந்தவை விரல் மூட்டுகளும் ஒரு மோதிரமும். அதுவரை தடவியறிந்ததைக் கண்ணாற் பார்க்க முடிந்தது. விலகிய மூட்டோடு எலும்பின் ஒரு சிறு சில்லும் உடைந்திருக்கிறதா என்பதைத் தடவி அறிவது அரிது. சிகிச்சை மாறுவதோ அந்தச் சில்லினால்தான்.

மற்றது மரப்பு மருந்து. 1884 இல் கார்ல் கொல்லர் கொக்கெயினைக் கண்ணில் இட்டு வலியில்லாமற் சத்திரசிகிச்சை செய்யலாம் எனக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் விரலின் அடியில் ஊசியேற்றி அந்த விரலை மட்டும் மரக்கச் செய்யும் வழக்கம் வந்தது. 1943 இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிடோகெயின் அதை ஆபத்துக் குறைந்ததாக்கியது. வலியில்லாதவன் விரலை விறைத்துப் பிடிப்பதில்லை. ஆதலால் முரட்டுப் பலத்துக்குத் தேவையும் இல்லாதுபோயிற்று.

இன்றைய முறையும் எனது விரலும்

இன்று விரல் விலகியவர் வைத்தியசாலைக்குச் சென்றால் முதலில் மோதிரத்தைக் கழற்றுவார்கள். படம் பிடித்து, விரலை மரக்கச் செய்து, மெல்ல இழுத்துத் தள்ளிச் சேர்ப்பார்கள். பின்னர் அவரையே விரலை மடக்கி நீட்டச் சொல்லி, மூட்டு நிலைக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் படம் பிடிப்பார்கள். என்னுடையதைப்போல நடுமூட்டு புறங்கைப் பக்கமாக விலகி, எலும்பு உடையாமல், சேர்த்தபின் நிலைத்து நின்றால், பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுநாடா சுற்றி விடுவார்கள். அயல் விரல் அதைக் காவல் காக்கும். தன்னோடு சேர்த்து அசைத்தும் வைக்கும். ஓரிரு நாளிலேயே மடக்கி நீட்டத் தொடங்கவேண்டும்.

அதே நடுமூட்டு உள்ளங்கைப் பக்கமாக விலகினால் கதை வேறு. அங்கே விரலை நிமிர்த்தும் நாணின் நடு இழை அறுந்திருக்கக்கூடும். அப்படியானால் அம்மூட்டை மட்டும் ஏறக்குறைய ஆறு கிழமைகள் நேராக மட்டையில் வைத்திருக்கவேண்டும். தவறினால் விரல் நிரந்தரமாகக் கோணும். ஆக, நான் கட்டிவைத்திருந்த ஆறு கிழமைகள் ஒருவருக்கு மருந்து, எனக்கு நஞ்சு. இரண்டு விரல்களும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் படிக்கட்டுப் போன்ற ஒரே வீக்கமாகவே தோன்றும்.

விளையாட்டு மைதானத்தில் விரலை இழுத்துவிடும் அண்ணர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1991 ஆம் ஆண்டு முதல் கரப்பந்தாட்டம் நமது தேசிய விளையாட்டு. ஆதலால் அவர்களுக்கு வேலையும் குறைவில்லை. எனது விரலை இழுத்தவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் அதிர்ஷ்டசாலி, நானும் அவ்வாறே. அது சுட்டுவிரலின் அடிமூட்டாக இருந்திருந்தால் அவரின் அன்பான இழுப்பே கண்ணியை இறுக்கியிருக்கும். தோல் கிழிந்திருந்தாலோ, விரல் வெளிறினாலோ, உணர்வற்றுப் போனாலோ ஒரு கணமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மற்றப்படியும், இழுப்பதற்கு முன் படமொன்று எடுப்பது நல்லது. ஒரு மணித்தியாலம் வலி பொறுத்தால் ஒரு வாழ்நாள் விரல் மிஞ்சும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு நோய்க்காகச் சென்றிருந்தபோது இளம் வைத்தியர் ஒருவர் எனது விரலைக் கண்டு கதை கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்கட பரியாரியார் சரியாத்தான் சொல்லியிருக்கிறார், ஐயா" என்றார். பின்னர் மேசை லாச்சியைத் திறந்து, நோயாளர்களுக்குப் பயிற்சிக்குக் கொடுக்கும் மெத்தென்ற இறப்பர்ப் பந்து ஒன்றை எடுத்து எனது உள்ளங்கையில் வைத்தார். "இனி நிமிராது. ஆனாலும் மற்ற விரல்களுக்கு நல்லது" என்றார்.

அந்தப் பந்து இப்போது எனது எழுத்து மேசையில் இருக்கிறது. இதை எழுதி முடிக்கும்வரை நாலைந்து தடவை அதைப் பிடித்து விட்டிருப்பேன்.